தப்பு என்னுதுங்!

தப்புச் செய்துவிட்டு அத்தனை சந்தோஷமாகக் கை தூக்குகிற ஒரு ஜீவனை நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை. நாமெல்லாம் தப்பு நடந்தால் முதலில் சுற்றுமுற்றும் பார்ப்போம். யாரும் பார்க்கவில்லை என்றால் தப்பே நடக்கவில்லை, அவ்வளவுதான். அக்கா அந்த ரகமில்லை. வலது கையை உச்சிக்கு மேலே தூக்கி, பதில் தெரிந்த பிள்ளை மாதிரி, "தப்பு என்னுதுங்!" என்பாள். கம்ப்ரஸர் சத்தத்தையும் தாண்டி அந்தக் குரல் ஆயில் ஸ்டோர் வரைக்கும் கேட்கும்.

அவளுக்குப் பெயர் இருந்தது. யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. தமிழ்க்காரர்களுக்கும் அக்கா, கன்னடக்காரர்களுக்கும் அக்கா. இரண்டு பாஷையிலும் ஒரே வார்த்தையாக இருந்தது வசதியாகப் போயிற்று.

அது மைசூரில், தொண்ணூறுகளின் நடுவில் புதிதாக வந்த கார் எஞ்சின் தொழிற்சாலை. கார் செய்வது வடக்கே வேறொரு கம்பெனி. எஞ்சின் மட்டும் எங்கள் பாடு. அதுவரை எஞ்சின் என்றால் எனக்குத் தெரிந்தது, மண்டி மொஹல்லா சந்தில் மெக்கானிக் சாக்கு விரித்துப் பிரித்துப் போட்டிருப்பதுதான். இங்கே தரையில் சோறு போட்டுச் சாப்பிடலாம், அத்தனை சுத்தம். உள்ளே நுழையும் முன் காற்றை ஊதி நம் மேலிருக்கும் தூசியைத் தட்டிவிட்டுத்தான் கதவு திறக்கும். ஒரு முனையில் எஞ்சினின் வெறும் கூடு, பிளாக் என்போம், குளித்துவிட்டு லைனில் ஏறும். தலைகீழாகப் படுத்தபடி கிராங்க் வாங்கிக்கொள்ளும், பிஸ்டன் வாங்கிக்கொள்ளும், பிறகு புரண்டு நிமிரும். பக்கத்து லைனிலிருந்து எஞ்சினின் மூடியான ஹெட் வந்து மேலே உட்காரும். ஒவ்வொரு போல்ட்டுக்கும் இவ்வளவு முறுக்கு என்று அளவு உண்டு. முறுக்கியவர் பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு போட வேண்டும். மூன்று நிமிஷத்துக்கு ஒருமுறை எல்லா எஞ்சினும் ஒரு இடம் நகர்ந்து அடுத்த ஆளிடம் போகும். கடைசியில் டெஸ்ட் மேடை. அங்கேதான் அது பெட்ரோல் குடித்து முதல் தடவையாக உறுமும். அந்தச் சத்தத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கிறது.

லைன் நெடுக, தலைக்கு மேலே, ஒரு பச்சைக் கயிறு ஓடும். தப்பு நடந்தால் யார் வேண்டுமானாலும் அதை இழுக்கலாம். இழுத்தால் சிவப்பு விளக்கு எரியும், பால் ஐஸ் வண்டி மாதிரி ஒரு பாட்டு கிணுகிணுக்கும், லைன் மொத்தமும் நின்றுவிடும். தப்பை மறைக்காதே, நடந்த இடத்திலேயே நிறுத்து, அங்கேயே சரிசெய் என்பது பாடம். பயிற்சி வகுப்பில் எல்லோரும் பெரிதாகத் தலையாட்டினோம். தலையாட்டிவிட்டு வந்து அந்தக் கயிற்றைக் கரண்டு கம்பி மாதிரி பார்த்தோம். எவன் இழுப்பான்? இழுத்தால் அத்தனை பேரும் திரும்பி நம் மூஞ்சியைப் பார்ப்பார்கள். மானம் கப்பல் ஏறிவிடும். முதல் வாரம் முழுக்க யாரும் தொடவில்லை. சும்மா கிடக்கிறதே, துணியாவது காயப்போடலாம் என்று ஒருவன் கிண்டல் செய்தான்.

இரண்டாம் வாரம் திங்கட்கிழமை காலையில் பாட்டு பாடியது. கூடவே அந்தக் குரல். "தப்பு என்னுதுங்!"

அக்காவின் வேலை ஹெட்டில் வால்வு பூட்டுவது. வால்வின் ஸ்பிரிங் நழுவாமல் பிடித்துக்கொள்ள, நகக்கண் அளவில் இரண்டிரண்டு இரும்புத் துண்டுகள் உண்டு. லாக் என்போம். ஒரு ஹெட்டுக்குப் பதினாறு என்று தட்டில் எண்ணி வந்திருக்கும். அன்றைக்குத் தட்டு காலி, ஆனால் ஹெட்டில் ஒன்று குறைந்தது. அத்தனை பேரும் மண்டியிட்டு டார்ச் அடித்துத் தேடினோம். லைன் நின்று பன்னிரண்டு நிமிஷம். கடைசியில் அது அக்காவின் சாம்பல் கோட்டில், முழங்கைக்குக் கீழே, கிரீஸோடு ஒட்டிக்கொண்டு சுகமாக இருந்தது.

நான்தான் அந்த லைனுக்கு லீடர். வயது இருபத்தேழு. கோபம் எப்போதும் மூக்கு நுனியில்.

"ஏனக்கா, கொஞ்சம் சும்மா தேடிப் பாத்திருக்கக் கூடாதா? லைனையே நிறுத்தணுமா?"

"உள்ளார உழுந்திருந்துச்சுன்னா என்னங் பண்றது? அதானுங் நிறுத்தீட்டேன்." சொல்லிவிட்டு லாக்கை என் கையில் வைத்து ஒரு சிரிப்பு. அக்கா ஹனூர் பக்கம், தமிழ்நாட்டு எல்லையோரக் கௌதள்ளிக்காரி. அவள் பேச்சில் மரியாதைக்குக் குறைச்சலே இருக்காது. மரியாதையாகவே ஆளைக் கொன்றுவிடுவாள்.

அன்றைக்குத் தொடங்கியதுதான். ஒருநாள் வால்வின் ஆயில் சீல் ஒன்றை மாற்றிப் போட்டுவிட்டேன் என்று பாட்டு. இன்னொரு நாள் தும்மிவிட்டேன், தும்மல் ஹெட்டுக்குள் போயிருக்கும் என்று பாட்டு. லைன் நின்ற கணக்கை எழுதும் போர்டில் அவள் இடத்துக்கு நேரே சாக்பீஸ் கோடுகள் வேலி கட்டின. மற்றவர்களின் இடமெல்லாம் பளிச்சென்று கறுப்பு. ஒரு நாள் பொறுக்க முடியாமல் நான் கத்தியேவிட்டேன்.

"அக்கா, சின்னச் சின்னதை எல்லாம் மூடிட்டுப் போனா குடி முழுகிடுமா? மத்தவங்கல்லாம் போகல?"

அவள் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். "மூடலாமுங். ஆனா எவனோ ஒருத்தன் பொண்டாட்டி புள்ளையக் கூட்டிட்டு ஊட்டி மலை ஏறுவான். பாதி மலைல வண்டி நிக்கும். எவ பூட்டுனான்னு பேரு தெரியாம திட்டுவான். இங்க நான் சோத்துல கை வெச்சா விக்கலு. தெனமும் விக்கலு எடுத்தே நான் சாவறதாங்?"

நான் போர்டில் இன்னொரு கோடு போட்டேன்.

வேலையில்தான் இப்படி என்றில்லை. ஒரு சங்கராந்திக்கு அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். மைசூர் வழக்கப்படி எள்ளும் வெல்லமும் கலந்து பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். கொடுக்கும்போதே, "எள்ளு கருகிப் போச்சுங், தப்பு என்னுது, தின்னுட்டு மூஞ்சியச் சுளிக்காதீங்" என்றாள். அவள் வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறவர், பரம சாது. அவர்தான் பெண் பார்த்த கதையைச் சொன்னார். மாப்பிள்ளை வீட்டார் பாயில் உட்கார்ந்திருக்கிறார்கள். காப்பித் தட்டோடு வந்த பெண் நடு வீட்டில் நின்று சொல்கிறாள்: "காப்பி எந் தங்கச்சி போட்டது. நான் போட்டது திரிஞ்சு போச்சு. பத்தாவது பாஸுன்னு அப்பா சொல்லியிருப்பாரு, கணக்குல பெயிலுங்." பெண்ணின் அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். மாப்பிள்ளையின் அம்மா அந்த இடத்திலேயே பூ வைத்துவிட்டாராம்.

"எல்லாத் தப்பையும் மொத நாளே கொட்டிட்டா சார்," என்றார் ஆட்டோக்காரர். "பத்து வருஷமாச்சு, புதுசா கண்டுபிடிக்க எனக்கு ஒண்ணுமே இல்ல." அக்கா அடுப்படியிலிருந்து, "அந்தக் குருமாவுல உப்பு ஜாஸ்திங்" என்று குரல் கொடுத்தாள்.

இந்த அக்காவை வைத்துக்கொண்டுதான் நான் அந்த வருஷத் தசராவைத் தாண்ட வேண்டியிருந்தது.

விஷயம் இதுதான். லைனில் இருந்த முப்பத்தெட்டு பேரும் தற்காலிகம், லீடரான நான் உட்பட. வடக்கத்திக் கார் கம்பெனி ஆட்கள் வந்து பார்த்து, சரி என்று சொன்னால் ஆர்டர் உறுதியாகும். எங்களுக்கும் பர்மனென்ட் கடிதம் வரும். இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். எனக்குச் சாமராஜநகரில் பெண் பேசியிருந்தார்கள். பெண்ணுக்கு என்னைப் பிடித்திருந்தது, எனக்கு அவளைப் பிடித்ததோ பைத்தியம் பிடிக்கிற அளவுக்கு. ஆனால் அவள் அப்பா தாலூகா ஆபீஸ் குமாஸ்தா. "மொதல்ல கம்பெனி லெட்டர், அப்புறம் கல்யாண லெட்டர்" என்று சொல்லிவிட்டார். வருகிறவர்கள் ஆயுத பூஜை முடிந்து வேலை தொடங்கும் நாளிலேயே வருகிறார்கள் என்று தெரிந்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆயுத பூஜையிலும் அந்த வருஷம் ஒரு கொடுமை. மைசூரில் அன்றைக்குச் சைக்கிள் பம்புக்குக்கூடப் பொட்டு வைப்பார்கள். எங்கள் மேனேஜர் மட்டும் லைன் பக்கம் பூ, குங்குமம், பூசணிக்காய் எதுவும் வரக்கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார். எஞ்சினுக்குள் தூசி போய்விடுமாம். வாசலில் ஒரு மேஜை போட்டு, அதில் ஒரே ஒரு ஸ்பேனரை வைத்து, எல்லா மெஷினுக்கும் சேர்த்து அதற்கே தீபாராதனை. ஒருத்தருக்கும் மனசு ஆறவில்லை. சோறு போடுகிற மெஷினைப் பட்டினி போட்ட மாதிரி இருந்தது.

வேலை தொடங்கிய நாள் காலை அத்தனை பேரையும் நிற்க வைத்து நான் சொன்னேன்: வருகிறவர்கள் உள்ளே இருக்கும் வரைக்கும் கயிற்றில் யாரும் கை வைக்கக் கூடாது. மேனேஜர் உத்தரவு. அக்காவிடம் தனியாகப் போய்க் கும்பிட்டே சொன்னேன்.

"அக்கா, இன்னிக்கு ஒரு நாளு கையக் கட்டிட்டு இருங்க. எங் கல்யாணம் உங்க கையில இருக்கு."

"தப்பு வராம இருந்தா கட்டிக்கறேனுங்," என்றாள், கை கட்டாமலேயே.

நான் செய்த காரியத்தை இப்போது சொல்லிவிடுகிறேன். முந்தின நாள் என் தங்கை சாமுண்டி மலைக்குப் போய், என் கல்யாணத்துக்காக வேண்டிக்கொண்டு, ஒரு குங்குமப் பொட்டலம் கொண்டுவந்து கொடுத்திருந்தாள். பேப்பர் துண்டில் மடித்த சின்னப் பொட்டலம். அதை ஏதாவது ஒரு எஞ்சின் மேல் ஒரு நிமிஷம் வைத்து எடுத்துவிட்டால் போதும், சாமுண்டியம்மா பார்த்துக்கொள்வாள் என்று தோன்றியது. ஹெட் ஏறிய ஒரு எஞ்சின் அக்காவின் இடத்துக்குப் பக்கமாக வந்தது. ஹெட்டின் பக்கவாட்டில் காற்று போகிற நாலு துவாரங்களும் திறந்து கிடந்தன. யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து ஒரு துவாரத்தின் வாயில் பொட்டலத்தை வைத்து, கண்ணை மூடினேன்.

"லீடர்! பந்துரு, பந்துரு!" வந்துவிட்டார்கள் என்று மேனேஜர் கத்தினார். நான் அலறியடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.

மூன்று பேர் வந்திருந்தார்கள். அவர்களில் பெரியவர் தலைப்பாகை கட்டிய சர்தார். பெரிய உருவம், அதைவிடப் பெரிய குரல். கோட்டை மாட்டிவிட்டு, காற்று ஊதவிட்டு, உள்ளே அழைத்து வந்தோம். அவர் முதலில் கேட்டது, "உங்கள் லைன் ஒரு நாளைக்கு எத்தனை தடவை நிற்கும்?" என்றுதான். மேனேஜர் நெஞ்சை நிமிர்த்தி, நிற்கவே நிற்காது என்றார். போர்டை அன்று விடிகாலையிலேயே துடைத்துவிட்டிருந்தோம். சர்தார் போர்டைப் பார்த்தார், நோட்டில் ஏதோ எழுதினார். அதன்பின் அவர் முகம் சிரிக்கவேயில்லை.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. பொட்டலம்!

கண்ணால் லைனைத் துழாவினேன். அந்த எஞ்சின் நாலைந்து இடம் நகர்ந்து போயிருந்தது. திறந்திருந்த துவாரங்களின் மேல் காற்றுக் குழாயை வைத்து, போல்ட் முறுக்கி, பெயிண்ட் கோடும் போட்டாகிவிட்டது. குங்குமம் உள்ளே. ஆயில் நிரப்புகிற இடத்தில் நின்றது எஞ்சின். அதற்கு அடுத்தது டெஸ்ட் மேடை. சர்தார் அங்கேதான் நடந்துகொண்டிருந்தார். மேடையில் ஏற்றி முடுக்கினால் பேப்பரோடு குங்குமத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். அங்கே கெட்டுப்போனாலாவது பரவாயில்லை. கெடாமல் தப்பித்துப் போய் எவனோ ஒருவன் காரில் உட்கார்ந்தால்?

கயிறு என் தலைக்கு மேலே ஒரு முழ உயரத்தில் இருந்தது. இழுக்காதே என்று நானே காலையில் ஊருக்கு உபதேசம் செய்திருக்கிறேன். இழுத்தால் முப்பத்தெட்டு பேர் வயிற்றில் மண். சாமராஜநகரும் போச்சு. இழுக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. வாய்விட்டுச் சொல்கிறேன், அத்தனை பயம் என் ஜென்மத்தில் நான் பட்டதில்லை. எஞ்சின் நகரத் தொடங்கியது.

இழுத்துவிட்டேன்.

பாட்டு கிணுகிணுத்தது. சிவப்பு விளக்கு. எல்லோரும் வழக்கம்போல அக்காவைத்தான் பார்த்தார்கள். அவள் இரண்டு கையையும் விரித்து, நானில்லை என்று காட்டினாள். மேனேஜர் பாய்ந்து வந்தார். "ஏனாயித்து? ஏனாயித்து ரீ?" என்ன ஆச்சு என்று கேட்கிறார். நான் கையைத் தூக்கினேன்.

"தப்பு என்னுது," என்றேன். குரல் கோழிக்குஞ்சு மாதிரி வந்தது.

நான் காட்டிய எஞ்சினின் காற்றுக் குழாயைக் கழற்றினார்கள். இரண்டாவது துவாரத்தில் பொட்டலம் பத்திரமாக இருந்தது. சர்தார் அதை எடுத்துப் பிரித்தார். சிவப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். யாரும் எதுவும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டு மேனேஜரிடம், "இது ஒன்றுதானா?" என்றார்.

"இதொன்றுதான் சார், சத்தியமாக இதொன்றுதான்."

"அதெப்படீங் தெரியும்?" அக்காதான். வேறு யார்? "கேட்டாத்தானுங் தெரியும்." அவளே லைன் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் புரிகிற கன்னடத்தில் கூவினாள்: "பேரே யாராதரூ ஏனாதரூ இட்டித்தீரா?" வேறு யாராவது ஏதாவது வைத்திருக்கிறீர்களா?

பிஸ்டன் போடுகிறவன் தரையைப் பார்த்தான். பிறகு அவன் கை மெதுவாக மேலே போனது. சாமந்தி இதழ், ஒன்றே ஒன்று, பிளாக்கின் பள்ளத்தில் என்றான். அடுத்து ஆயில் ஊற்றுகிறவன் கை. அட்சதை, நாலு அரிசிதான் என்றான். மண்டி மொஹல்லாவிலிருந்து வருகிற பையன் தர்கா ரோஜா இதழ் என்றான். ஒரு கை, இரண்டு கை... என்னையும் சேர்த்துப் பன்னிரண்டு கைகள்! விபூதி, எலுமிச்சை இலை, மாதாகோயில் மெழுகுத் துளி என்று அத்தனை சாமிகளும் எங்கள் எஞ்சினுக்குள் உட்கார்ந்திருந்தார்கள். நான் ஒருத்தன்தான் பாவி என்று நடுங்கிக்கொண்டிருந்தேனே!

மேனேஜருக்கு முகம் செத்துப்போயிற்று. சர்தார் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் மேனேஜர், டை கட்டிய அந்த மனுஷர், தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தோளுக்கு மேல் போகாமல் கையைத் தூக்கினார்.

"ஒந்து துளசி தள," என்றார். ஒரு துளசி இலை. "இன்னிக்கு முதல் எஞ்சின்ல. மனைவி கொடுத்து அனுப்பினாள்."

சர்தார் பக்கத்தில் இருந்த டூல் பெட்டியின் மேல் தொப்பென்று உட்கார்ந்தார். வயிறு குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அதைப் பார்த்து லைன் முழுக்கச் சிரித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அக்காவிடம் நீ என்ன வைத்தாய் என்று சைகையில் கேட்டார். அக்கா முகத்தில் அன்றைக்குத்தான் முதல் தடவையாக வெட்கத்தைப் பார்த்தேன். "ஒண்ணும் வெக்கலீங். எனக்கு மட்டும் தோணாமப் போச்சுங் பாருங்க!" என்றாள், நிஜமான வருத்தத்தோடு.

சர்தார் தன் ஆட்களில் ஒருவரைக் கூப்பிட்டு அன்று மாலை ரயில் டிக்கெட்டை மாற்றச் சொன்னார். கோட்டுக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, காலையிலிருந்து செய்த எல்லா எஞ்சினையும் திறக்கச் சொன்னார். மறுநாளும் இருந்தார். கிளம்பும்போது மேனேஜர் கையைப் பிடித்துக்கொண்டு, போர்டை இனிமேல் துடைக்காதீர்கள், அது காலியாக இருந்தபோது திரும்பிப் போய்விடலாம் என்றுதான் இருந்தேன் என்றாராம்.

பதினைந்து நாளில் கடிதம் வந்தது, முப்பத்தெட்டு பேருக்கும். சாமராஜநகருக்கு டெலிபோன் போட்டுச் சொல்லிவிட்டு, கேன்டீனில் அக்காவைத் தேடிப் போய் எதிரே உட்கார்ந்தேன்.

"அக்கா, நீங்க மட்டும் அன்னிக்கு எல்லாரையும் கேக்கலைன்னா..."

"அத உடுங். உங்ககிட்ட ஒரு தப்பச் சொல்லோணுங்." பழக்க தோஷத்தில் கை பாதி உயர்ந்துவிட்டது. "பொட்டணத்த நீங்க வெச்சதை நான் பாத்தேனுங்."

என் டீ கிளாஸ் அந்தரத்தில் நின்றது.

"எடுத்திருப்பீங்கன்னு நெனச்சேன். அப்புறம் வந்து நின்னு முழிச்சீங்க பாருங், அப்பத்தான் எடுக்கலைன்னு வெளங்குச்சு."

"பின்ன ஏன் இழுக்கல?"

"கயித்தப் புடிச்சுட்டேனுங். அப்ப உங்க மூஞ்சியப் பாத்தேன், வேர்த்து ஊத்துது. செரி, அவரே இழுத்துட்டா அவருக்கு நல்லதுன்னு மனசுக்குள்ள எண்ண ஆரம்பிச்சேன். பத்து வரைக்கும். பத்துக்கு மேல ஒரு நொடி உட்டிருக்க மாட்டேன். இருந்தாலும் பாத்ததும் இழுத்திருக்கோணும். தப்பு என்னுதுங்."

நான் கிளாஸைக் கீழே வைத்தேன். "எத்தனை வரைக்கும் எண்ணுனீங்கக்கா?"

அக்கா டீயை ஒரு வாய் உறிஞ்சினாள்.

"எட்டு," என்றாள். "எட்டுலயே இழுத்துட்டீங்."